முடக்கறுத்தான்: பேரிலேயே இருக்கிறதாம்

"அதான் பேர்லயே இருக்குல்ல" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் சுர்ரென்று கோபம் வந்துவிடும். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாது. என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே கொடியைப் பற்றித்தான் சொன்னார்கள். அதன் பெயரை நம்பி என் கைகளை அதனிடம் ஒப்படைத்தார்கள். நம்பிக்கை அவர்களுடையது, கைகள் என்னுடையவை.

முடக்கத்தானைத் தெரியாதவர்கள் மதுரைப் பக்கம் இருக்க மாட்டார்கள். வேலி, மின்கம்பம், யாரும் எடுக்காத செங்கல் குவியல் என்று எது கிடைத்தாலும் பற்றிக்கொண்டு ஏறுகிற மெல்லிய கொடி. காற்றடைத்த பை போலப் பச்சையாகக் காய்க்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் காயைப் பறித்து நெற்றியில் அடித்து டப்பென்று உடைப்போம். முடக்கு என்றால் கை கால் மடங்கிப்போய் நீட்ட முடியாமல் கிடப்பது. அதை அறுத்தவன் முடக்கறுத்தான். வாயில் தேய்ந்து தேய்ந்து முடக்கத்தான் ஆகிவிட்டான். தோசை மாவில் அரைத்துக் கலக்குகிற ஒரு கீரைக்கு இவ்வளவு வீரமான பெயர்.

பெயர் வைத்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முட்டி வலியோடு கிடந்த யாரோ ஒருவர் இதைத் தின்று ஒரு நாள் எழுந்து நடந்திருப்பார். அந்தச் சந்தோஷத்தில் வாய் நிறைய ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். அது நன்றி. அவர் சொன்ன நன்றியை எடுத்து, எல்லோருக்கும் எல்லா வலிக்கும் செல்லும் என்று முத்திரை குத்தியது அவர் இல்லை, பின்னால் வந்தவர்கள். பெயர்தான் சாட்சி என்றால் நாயுருவிச் செடி எந்த நாயை உருவியது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். பேய்மிரட்டியை வாசலில் நட்டுவிட்டுக் கதவைப் பூட்டாமல் தூங்கட்டும், பார்க்கிறேன்.

நான் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையில் நடைப்பயிற்சி முடித்து, ஒன்றும் சாப்பிடாமல், சர்க்கரை பார்க்க வருகிறவர்கள்தான் பெரும்பாலும். நரம்பு கிடைக்காத கைகளில்கூட எனக்குக் கிடைத்துவிடும். கண்ணால் தேடுவதைவிட விரல் நுனியால் தேட வேண்டும். தோலுக்கு அடியில் நரம்பு லேசாகத் துள்ளுவது தெரிந்ததும் ஊசியைச் சாய்த்துவிட வேண்டும். "சிஸ்டர் நீங்க இருந்தா உக்காருறேன், இல்லைன்னா நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். அதைக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும், ஏன் மறைக்க வேண்டும்.

அந்த விரல்களில்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கை மூடாது. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். கணுக்கள் வீங்கிச் சிவந்தன. எங்கள் கூடத்திலேயே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். அறிக்கை வந்ததும் கிளினிக் மாடியில் இருக்கிற டாக்டரிடம் போனேன். இது வயசாகித் தேய்கிற மூட்டு இல்லை, உடம்பே தன் மூட்டைத் தாக்குகிற வாதம், மருந்தை விடாமல் எடுத்தால் கையைக் காப்பாற்றிவிடலாம், விட்டால் விரல் கோணிவிடும் என்றார். வாரத்துக்கு ஒரு முறை போடுகிற மாத்திரை. போட்ட மறுநாள் குமட்டும், முடி கொட்டும். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலையில் கை மூட ஆரம்பித்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

எங்கள் பக்கம் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வராமல் இருக்க மாட்டார்கள். வராவிட்டால் அது தனிப் பிரச்சினையாகிவிடும். வெறுங்கையோடும் வர மாட்டார்கள். காய்ச்சலுக்கு ரொட்டி, பிரசவத்துக்குப் பூண்டு, ஆபரேஷனுக்கு ஆப்பிள். எனக்கு மட்டும் எல்லோரும் முடக்கத்தான் கட்டுகளோடு வந்தார்கள். திருவாதவூரில் இருந்து மாமியார், மாமியாரோடு என் கணவரின் அக்கா. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஊரில் நாலு பேருக்கு வழி சொல்கிற ஆள். குரல் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். பஸ்ஸில் வைத்துக்கொண்டு வந்ததில் வதங்கிப்போன அந்தக் கட்டுகளை என் குளிர்சாதனப் பெட்டியில் திணித்துவிட்டு மதினி உட்கார்ந்தார்.

"முடக்கு. அறுத்தான். அதான் பேர்லயே இருக்குல்ல. இதுக்கு மேல உனக்கு என்னத்தா வேணும்?"

நான் தோசையில் போட்டுச் சாப்பிடுகிறேன் மதினி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எனக்கு அந்தத் தோசை பிடிக்கும்.

"தோசை வேற, மருந்து வேற. வெறும் வயித்துல உருண்டை முழுங்கணும். அந்த மாத்திரைய நிப்பாட்டிரு. ரெண்டு மருந்தும் ஒரு வயித்துல சேராது. ஒரு மண்டலம் இருந்து பாரு."

"டாக்டரக் கேக்காம நிப்பாட்டக் கூடாது மதினி."

"அவரு எப்படி நிப்பாட்டச் சொல்லுவாரு. அவரு பொழப்பே அதுல இருக்கு."

மாமியார் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியப் பாரு, அம்புட்டும் கொட்டிருச்சு. அது சூட்டு மருந்துத்தா, ஒடம்ப வேக வச்சிரும்" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் கஷ்டம். திட்டினால் திருப்பிப் பேசலாம், இரங்கினால் என்ன செய்வது. நான் கணவரைப் பார்த்தேன். அவர், "ஒரு மண்டலம்தான. அக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து சொல்லுது" என்றார்.

கிளம்பும்போது மதினி அலமாரியில் இருந்த என் மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒங்கிட்ட இருந்தா தின்னுபுடுவ" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். படித்தவள், வேலை பார்க்கிறவள், இன்னொரு அட்டை வாங்கியிருக்கக் கூடாதா என்று பின்னால் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாங்கியிருக்கலாம். வாங்கி, என் வீட்டிலேயே ஒளித்து வைத்து, திருட்டுத்தனமாகத் தின்ன வேண்டும். ஒரு வீடு முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் தனியாக நின்று பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வேன் வந்து வாசலில் நின்றது. மூட்டையோடு ஓர் அம்மியும் குழவியும் இறங்கின. மிக்ஸியில் அரைத்தால் சூடேறி மருந்தின் குணம் போய்விடுமாம், மதினி சொல்லி அனுப்பியிருந்தார். வேனோடு வந்த என் கொழுந்தனாரும் ஓட்டுநரும் மூச்சு வாங்க அதை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். "நல்லாப் பாத்துப் பாத்துக் கொத்தி அனுப்பிருக்கு மாப்ள" என்று ஓட்டுநர் என் கணவரிடம் கல்லைத் தட்டிக் காட்டினார். கொழுந்தனாருக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கித்தான் கொண்டுபோனேன், விரல்களால் பிடிக்க முடியவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் குழவியை யார் இழுத்து அரைக்கப்போகிறார்கள் என்று ஒருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

நான்தான் அரைத்தேன். வேறு யார்? யாரும் நீதான் அரைக்க வேண்டும் என்று சட்டம் போடவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன். அந்த வீட்டில் அரைப்பது என்றால் நான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. கணவர் ஒரு நாள் காலையில் அரைக்க உட்கார்ந்து பார்த்தார். இடுப்பு பிடிக்கிறது என்று எழுந்துவிட்டார். மூடாத கையை மூடவைக்கிற மருந்தை, மூடாத கையால் குழவியைப் பிடித்து அரைத்துக்கொண்டிருந்தேன். இந்த உலகத்தில் இப்படி ஒரு வைத்தியத்தை யார் கண்டுபிடித்தது? கால் உடைந்தவனிடம் நடந்துபோய் ஊன்றுகோலை வாங்கிக்கொள் என்று சொல்வார்களா? எங்கள் வீட்டில் சொல்வார்கள் போலிருக்கிறது.

இலையைக் காம்பு நீக்கி ஆய வேண்டும். அது எவ்வளவு மெல்லிய காம்பு என்று ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், நல்ல விரலுக்கே அகப்படாது. பிறகு சீரகமும் பூண்டும் வைத்து மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி விழுங்க வேண்டும். மிச்சத்தை விளக்கெண்ணெயில் வதக்கிக் கணுக்களில் கட்ட வேண்டும். புளி கூடாது, தயிர் கூடாது, கத்திரிக்காய் கூடாது, கருவாட்டின் வாசனைகூடக் கூடாது. உருண்டை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கும். கிளினிக்கில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடியிருக்கிறேன். போனில் சொன்னால் மதினிக்கு ஒரே சந்தோஷம். "வாதம் வெளியேறுதுத்தா. போகட்டும், போகட்டும்."

வெளியேறியது வாதம் இல்லை. மாத்திரை சம்பாதித்துக் கொடுத்திருந்ததெல்லாம் வெளியேறியது. வீக்கம் திரும்பியது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு. தலை பின்ன முடியாமல் கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சேலை கட்டுவதை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன், அதன் நாடாவையும் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். இதைச் சொன்னபோது, மருந்து வேலை செய்யும்போது நோய் ஒரு தடவை கிளம்பித்தான் அடங்கும் என்றார்கள். குறைந்தால் மருந்தால் குறைந்தது, கூடினால் மருந்து வேலை செய்கிறது. இந்தக் கணக்கில் தோற்கவே முடியாது. தோற்பது கை மட்டும்தான்.

ஒரு நாள் காலை, மாதாமாதம் வருகிற ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். ரப்பர் பட்டையைக் கட்டினேன். கட்டியது நழுவியது. மறுபடி கட்டினேன். விரலால் நரம்பைத் தடவினேன். வீங்கிய விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, மரக்கட்டையால் தடவுவது போல இருந்தது. குத்தினேன். ரத்தம் வரவில்லை. ஊசியை உள்ளேயே கொஞ்சம் திருப்பப் பார்த்தேன், கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. பெரியவர் முகம் சுருங்கியது. பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து வந்து, "நான் எடுக்குறேன்க்கா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"பரவால்லம்மா, எல்லாருக்கும் ஒரு நா அப்படி ஆகும்" என்றார் பெரியவர். நல்ல மனிதர். அடுத்த மாதம் வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் போனார். அதற்கு முன்பே, ஊசி தவறிய அன்றைக்கே, நிர்வாகத்தில் என்னைக் கூப்பிட்டு, கை சரியாகும் வரை முன்னால் டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். கோபமாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிவிட்டு நேரே மாடியில் இருந்த டாக்டரிடம் போனேன்.

அவர் என் கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார்.

"மருந்தை யாரு நிறுத்தச் சொன்னது?"

"வீட்டுல சொன்னாங்க டாக்டர்."

"வீட்டுல யாரு டாக்டர்?"

குனிந்து என் கையைப் பார்த்தேன். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. சாய்ந்தது இனி நேராகாது, மற்ற விரல்களையாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். கீழே வந்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கணவர் முன்னால் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்கப் போட்டேன். மண்டலம் முடிய இன்னும் நாள் இருக்கே என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

மதினிக்குச் செய்தி போனது. போன் வந்தது. நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. தப்பாப் போச்சுத்தா என்று சொல்லியிருந்தால் போதும், நான் மறந்திருப்பேன், அவ்வளவுதான் நான். அவர் கேட்டது வேறு. "தயிர் சாப்புட்டியா? கெளினிக்குல யாரு சாப்பாட்டு டப்பாவுலயும் கைய வச்சியா? பத்தியம் தவறாம இப்படி ஆகாதே." எதையும் தொடவில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிறகு ஊரில் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. மருந்து நல்ல மருந்து, அவளுக்குத்தான் வாய் கட்டுப்பாடு இல்லை. செடிக்கு அவ்வளவு பெரிய பெயர் இருக்கும்போது அதன்மேல் பழி போட முடியுமா? கோணிப்போன விரலுக்கு என்ன பெயர் இருக்கிறது, அதன்மேல் போடலாம். ஒரு பெயரைக் காப்பாற்ற ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினார்கள். விரல் கோணியதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

மாத்திரை மறுபடி பிடிக்கச் சில மாதங்கள் ஆயின. வீக்கம் வற்றியது. இடது கையைப் பழக்கினேன், சாய்ந்த விரல்களை விட்டுவிட்டு மற்றவற்றால் ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருந்து என் நாற்காலிக்குத் திரும்பியிருந்த சமயத்தில்தான் கொழுந்தனாருக்கு முட்டி வீங்கியது என்று செய்தி வந்தது.

அவர் அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இரண்டு முட்டியும் மடங்கவில்லை, மணிக்கட்டும் வீங்கியிருந்தது. எனக்கு வந்தது போலவேதான். அன்றைக்கே ஆளைத் தூக்கி வண்டியில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாப் பரிசோதனையும் அன்றே. அங்கே வாதத்துக்கென்றே இருக்கிற பிரிவு, எனக்குக் கொடுத்த அதே வார மாத்திரை. நாங்கள் பார்க்கப் போனோம். நான் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. பட்டறையின் கம்பி வேலி முழுக்க முடக்கத்தான் ஏறி, காய் காயாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொழுந்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் ஆப்பிள், மாதுளை, சத்துமாவு டப்பா. மாமியார் விசிறிக்கொண்டிருந்தார். மதினி மாத்திரையை அட்டையில் இருந்து பிதுக்கித் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் செம்பையும் அவரே பிடித்துக்கொண்டிருந்தார். "வாரம் தவறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு. நான்தான் நெனப்பு வச்சுப் போன் போட்டுச் சொல்லுவேன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கொழுந்தனார் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கை கால் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"முடக்கத்தான் குடுக்கலையா மதினி? வேலி பூரா கெடக்கே."

மாமியார் விசிறியை நிறுத்தினார். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு நான் கேட்டது குத்தலாகக்கூடத் தெரியவில்லை. அறியாப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"அவன் வேலைக்குப் போறவன்ல. அவன் கைய வச்சுப் பரீட்சை பண்ண முடியுமா?"

அறையில் என் கணவரும் இருந்தார். போனில் எதையோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோருக்கும் அது சரியான பதிலாக இருந்தது. அந்தப் பெயரை அவர்களும் நம்பியதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கைகளுக்கு அந்தப் பெயரே போதும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"நானும் வேலைக்குப் போறவதான் மதினி" என்றேன். குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"போற. யாரு இல்லைன்னா. இருந்து சாப்புட்டுப் போ. கோழி அடிச்சிருக்கு" என்றார் மதினி. கொழுந்தனாரின் மனைவி ஏற்கெனவே இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தாள். மாமியார் எழுந்து வந்து, "உக்காருத்தா. கை நனைக்காமப் போகக் கூடாது" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதன் அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை. இலை போட்ட வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போனால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். "வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன். கணவர் எழுந்து நின்றார். என்னோடு வருவதா, இலைமுன் உட்காருவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவருக்காக நிற்கவில்லை. நடந்துபோய் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மாலையில் அவர் வந்து, "எல்லாரும் ரொம்ப வருத்தப்படுறாங்க. அம்மா சாப்புடவே இல்ல" என்றார்.

"என் விரலப் பத்தி யாராச்சும் எதாச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "இல்ல" என்றார்.